மாப்பிள்ளைக்கு இருபது லிட்டர்

என் மனைவி போகும்போது இரண்டு பெட்டிகளையும் மிக்ஸியையும் எடுத்துக்கொண்டாள். மீனை எடுக்கவில்லை. எட்டு மணி நேர பஸ் பயணத்துக்கு அதை எப்படிக் கட்டிக்கொண்டு போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஃபைட்டர் மீன். கருநீல உடம்பு, உடம்பைவிடப் பெரிய சிவப்பு வால். எதிரில் கண்ணாடியைக் காட்டினால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். மாமியார் வீட்டில் கவனிப்பு போதவில்லை என்று முறுக்கிக்கொண்ட ஆள் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, மாப்பிள்ளை என்று அவள்தான் பெயர் வைத்தாள். இரண்டு வருடமாக சமையலறை ஜன்னல் திட்டில், ஒரு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கிடந்தது. கிண்ணத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கிண்ணத்துல அவனை வச்சிருந்ததே தப்பு. படிச்சுப் பாத்தேன். குறைஞ்சது இருபது லிட்டர் வேணுமாம்."

"சரி."

"ஒன்றரை மாசத்துல மிச்ச சாமானை எடுக்க வருவேன். அதுக்குள்ள ஒரு நல்ல தொட்டி போட்டு, அவன் நல்லா இருந்தான்னா உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா நான் எடுத்துட்டுப் போயிடுவேன்."

"நல்லா வச்சுக்கறேன்."

"பாப்போம்" என்றாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துவாள். அந்தக் கடை வேறு ஊரில் கிளை திறந்தது, அங்கே மாற்றலை அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட். காலை ஏழு மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைவேன், ஏழரைக்கு அவள் கிளம்புவாள். அந்த அரை மணி நேரத்தில் இருவரில் ஒருவர் குளியலறையில் இருப்பார். நான்கு வருடம் இப்படி. சண்டை என்று பெரிதாக எதுவும் கிடையாது. சண்டை போடுவதற்குக்கூட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும்.

அவள் போன மூன்றாவது வாரம், ஒரு நாள் ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. மேற்பார்வையாளர் இரண்டு தடவை போன் செய்தார், மூன்றாவது தடவை செய்யவில்லை. அவளிடம் சொன்னபோது, "இப்ப எதுக்கு?" என்றாள். நல்ல கேள்வி.

ஆனால் தொட்டி வேலையை அவள் போன மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். வளர்ப்பு மீன் கடை, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், இரும்புக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் இருந்தது. உள்ளே நாற்பது தொட்டி, ஒரு விசிறி, ஒரு அக்கா. ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை எப்போதும் ஈரம். பேசும்போது என்னைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துத்தான் பேசுவார்.

தொட்டி, ஹீட்டர், ஒரு சின்ன காற்று மோட்டார், அதோடு இணைக்கிற ஸ்பாஞ்ச் ஃபில்டர், கூழாங்கல், இரண்டு செடி, மீன் ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டி, தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்து. எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு அக்கா கேட்டார்.

"மீனை எப்ப விடப் போற?"

"இன்னைக்கு சாயங்காலம்."

"அப்ப நாளைக்கு சாயங்காலம் புதைக்கறதுக்கும் இடம் பாத்துக்கோ."

அவரே சொன்னார்.

"மீன் தண்ணியிலதான் சாப்பிடுது, தண்ணியிலதான் போகுது. அது போறது விஷம். அந்த விஷத்தைத் தின்னுறதுக்கு ஒரு கிருமி இருக்கு. அது ஸ்பாஞ்சுல, கல்லுல, கண்ணாடியில எல்லாம் ஒட்டிக்கிட்டு வளரும். வளர நாலு வாரம் ஆகும். வெறும் தொட்டியை ஓட விடு. தினம் ஒரு சிட்டிகை தீனி போடு, அது அழுகட்டும். கிருமிக்கு அதுதான் சோறு. அதுவரைக்கும் உன் மீன் கிண்ணத்துலயே இருக்கட்டும், தினம் பாதித் தண்ணி மாத்து."

"கிருமியை வளர்க்கணுமா?"

"ஏன், உனக்கு ஆகாதா?"

"ஆஸ்பத்திரியில வேலை. ஒன்பது வருஷமா அதைக் கொல்றதுதான் வேலை."

"அட, டாக்டரா?"

"இல்லக்கா. டாக்டர் வெட்டுற கத்தியைக் கழுவுறவன்."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான், டாக்டரே. தொட்டியை வெயில் படாத இடத்துல வை. மூடி போடு, இவன் துள்ளுவான். மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் விடு, மேல வந்து காத்து குடிப்பான்."

அன்றிலிருந்து நான் அவருக்கு டாக்டர்.

தொட்டியைக் கூடத்தில், அவள் தைத்துப் போட்ட திரைக்கு எதிர்ச் சுவரில் வைத்தேன். அந்தத் திரை இரட்டைத் துணி. பகலில் நான் தூங்குவதற்காகத் தைத்தது. ஓரத்தில் வெளிச்சம் கசியாமல் இருக்கத் துணிக் கிளிப் மாட்டியிருப்போம். வேலையை விட்ட பிறகு கிளிப்புகளைக் கழற்றினேன். எதிர் மாடியில் ஒருவர் தினமும் பத்து மணிக்கு ஷூ துடைக்கிறார் என்பது நான்கு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்காருவது ஒரு வேலை என்றால், அந்த நான்கு வாரமும் எனக்கு முழு நேர வேலை இருந்தது. காலையில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து எட்டுச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்குவேன். மஞ்சளாக இருந்தால் நல்லது. பச்சையானால் விஷம். முதலில் வெளிர் பச்சை வந்தது, பிறகு கரும்பச்சை. பிறகு பல நாள் அப்படியே நின்றது. ஹீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு எரியும், அணையும். ஸ்பாஞ்சிலிருந்து குமிழ் வரும். வீட்டில் வேறு சத்தம் கிடையாது. தீனி அழுகி, மழையில் நனைந்த மண் மாதிரி ஒரு வாடை வந்தது. வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பதால் அது யாருக்கும் தொந்தரவாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போன் செய்வாள். நான்கு நிமிடம் பேசுவோம். அதில் மூன்று நிமிடம் மாப்பிள்ளையைப் பற்றி.

"சாப்பிடறானா?"

"நாலு உருண்டை. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு."

"நீ?"

"நானும்தான்."

"நாலு உருண்டையா?" என்று சிரிப்பாள். பிறகு கடையில் யாரோ கூப்பிடுவார்கள்.

மீன் போய்விட்டால் இந்த மூன்று நிமிடமும் போய்விடும். மீதி ஒரு நிமிடத்துக்காக யாரும் போன் செய்ய மாட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூளை அதிகம் தேவைப்படவில்லை.

இருபத்தாறாம் நாள் குழாய் மஞ்சளாக வந்தது. மறுநாளும் மஞ்சள். கடைக்குப் போய்க் காட்டினேன். அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "விடு" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

கிண்ணத்திலிருந்த மீனைக் கவருக்கு மாற்றி, அந்தக் கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அரைமணி கழித்துத் திறந்தேன். மாப்பிள்ளை வெளியே வந்து ஒரு இடத்தில் நின்றது. இரண்டு வருடமாக வட்டமாகச் சுற்றிய பிராணி. நேராகப் போகலாம் என்பது அதற்குத் தெரியவில்லை. சின்னதாக ஒரு வட்டம் அடித்தது, நின்றது, மறுபடி ஒரு வட்டம். சாயங்காலம்தான் தொட்டியின் அந்தக் கோடிவரை போனது. போய், கண்ணாடியில் தன்னையே பார்த்து, செவுளை விரித்துச் சண்டைக்கு நின்றது. வால் முழுக்க விரிந்தபோது நான் போட்டோ எடுத்தேன். ஒரு வாரத்தில் முப்பது நாற்பது போட்டோ எடுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றை அனுப்பினேன்.

"இவன் நம்ம மாப்பிள்ளைதானா? வேற யாரையாவது புடிச்சுப் போட்டுட்டியா?" என்று கேட்டாள். நல்ல குரலில் கேட்டாள்.

அவள் வர இன்னும் பத்து நாள் இருந்தது. தப்பை அப்போதுதான் செய்தேன்.

கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் பிடித்திருந்தது. ஸ்பாஞ்சைத் தொட்டால் வழவழவென்று இருந்தது. கல்லுக்கிடையில் அழுக்கு. அவள் லென்ஸைப் பார்க்கிற கண்ணால் பார்ப்பவள். இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, சாய்த்து, ஒரு தூசி இருந்தாலும் திருப்பிக் கொடுப்பாள். எனக்கோ ஒன்பது வருடப் பழக்கம். எங்கள் அறையில் ஒரு கத்திரிக்கோலை மூன்று தடவை கழுவி, துணியில் சுற்றி, ஆவி மெஷினுக்குள் தள்ளுவோம். சுற்றிய துணியில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு வந்தால்தான் வெளியே எடுப்போம். கோடு வந்தால் உள்ளே உயிருள்ளது எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். அந்தக் கோட்டைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

மீனைக் கிண்ணத்தில் போட்டேன். தொட்டியைக் காலி செய்து துடைத்தேன். கல், மண்சட்டி, ஸ்பாஞ்ச் மூன்றையும் பெரிய பாத்திரத்தில் போட்டு இருபது நிமிடம் கொதிக்க வைத்தேன். செடியை மட்டும் கொதிக்க வைக்கவில்லை, குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். புதுத் தண்ணீர் ஊற்றி, குளோரின் போக்குகிற மருந்து விட்டு, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மீனைத் திரும்ப விட்டேன். தொட்டி ஆபரேஷன் தியேட்டர் மாதிரி பளபளத்தது. அன்றைக்கு எனக்குத் திருப்தியாகத் தூக்கம் வந்தது.

அக்கா சொன்னது மறந்துபோகவில்லை. கல்லில், ஸ்பாஞ்சில், கண்ணாடியில் ஒட்டி வளரும் என்று அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவில் இருந்தது. கை அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை சாப்பிடவில்லை. நான்காம் நாள் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே தொங்கிக்கொண்டு வேகமாக மூச்சு விட்டது. வாலை விரிக்காமல் நனைந்த நூல் மாதிரி வைத்திருந்தது. நுனி கறுத்து, கிழிய ஆரம்பித்திருந்தது. சொட்டு மருந்து விட்டேன். கரும்பச்சை.

குழாயைக் கையில் பிடித்தபடியே கடைக்கு ஓடினேன். அக்கா ஒரு தொட்டியில் கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணின?"

சொன்னேன்.

கையை வெளியே எடுத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "ஸ்பாஞ்சைக் கொதிக்க வச்சியா?"

"ஆமா."

"கல்லையும்?"

"ஆமா."

"மீனையும் ஒரு கொதி விட்டிருக்கலாமே டாக்டரே. குழம்பாவது மிஞ்சியிருக்கும்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், பெரிய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைக் கழற்றி, கறுப்புச் சேறு சொட்டச் சொட்ட, அந்தத் தொட்டித் தண்ணீரோடு ஒரு கவரில் போட்டுக் கட்டினார்.

"இதை உன் மோட்டாருல மாட்டு. தினம் கால்வாசித் தண்ணி மாத்து, ஒரு நாள்கூட விடாதே. அழுக்கா இருக்குன்னு இதைக் கழுவின, அப்புறம் இந்தக் கடைப் பக்கம் வராதே."

"பிழைச்சிருமா?"

"அவனைக் கேளு. நான் என்ன ஜோசியக்காரியா?"

பஸ்ஸில் அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் முகம் சுளித்துவிட்டு வேறு இருக்கைக்குப் போனார். போகட்டும். கவர் வெதுவெதுப்பாக இருந்தது. அன்று முழுக்க நான் தொட்ட வெதுவெதுப்பான பொருள் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. "போட்டோ அனுப்பு" என்றாள். இரண்டு வாரத்துக்கு முன் எடுத்த ஒன்றை அனுப்பினேன். வால் முழுசாக விரிந்த போட்டோ.

"அழகா இருக்கான்" என்றாள்.

"ம்."

"பரவாயில்ல. நீ இவ்வளவு நல்லா வச்சுப்பன்னு நினைக்கல."

போனை வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனேன்.

தினமும் ஐந்து லிட்டர். ஒரு வாளியில் மருந்து விட்டு, தெர்மாமீட்டர் வைத்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு கோப்பையால் மெதுவாக ஊற்ற வேண்டும். வேகமாக ஊற்றினால் மீன் தள்ளாடும். மூன்றாம் நாள் கரும்பச்சை கொஞ்சம் இளகியது. நான்காம் நாள் மாப்பிள்ளை ஒரு உருண்டை தின்றது. இன்னொன்றைப் போட்டேன், வாயில் வாங்கி, துப்பி, மறுபடி வாங்கியது. அவள் வருவதற்கு முந்தின நாள் குழாய் மஞ்சளாக வந்தது. தண்ணீர் மட்டும் கண்ணாடி மாதிரி இல்லை, டீத்தூள் அலசிய தண்ணீரின் நிறம். வாலில் மூன்று இடத்தில் கிழிசல். உற்றுப் பார்த்தால் கிழிசலின் ஓரத்தில், நகம் முளைக்கிற மாதிரி, நிறமில்லாத மெல்லிய சவ்வு ஒன்று வளர்ந்திருந்தது.

காலை ஒன்பதரைக்கு வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பையைக் கீழே வைக்காமலே தொட்டியின் முன் குனிந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். லென்ஸைப் பார்ப்பது மாதிரியேதான், தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"போட்டோல வால் முழுசா இருந்துச்சே."

"அது பழைய போட்டோ."

"எவ்வளவு பழசு?"

"அனுப்பும்போதே ரெண்டு வாரம்."

"அப்போ அனுப்பும்போது இவன் எப்படி இருந்தான்?"

"சாகற மாதிரி இருந்தான்."

நிமிர்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அதற்கான சாயல்கூட முகத்தில் இல்லை. கொதிக்க வைத்ததைச் சொன்னேன்.

"கொதிக்கவா வச்ச?"

"ஆமா."

"நீ இருக்கியே..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. "ஏன் சொல்லல?"

"சொன்னா எடுத்துட்டுப் போயிடுவே."

அவள் மிச்ச சாமான்களை எடுக்கத் தொடங்கினாள். இரண்டு சேலை, ஒரு குடை, சர்டிபிகேட் உறை. அதிகம் இல்லை. எல்லாம் ஒரே பையில் அடங்கிவிட்டது. பிறகு நாற்காலியைத் தொட்டிக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நேராக் கேக்கறேன். எட்டு மணி நேரம் பஸ்ல இவன் தாங்குவானா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலையும் தயார் செய்து வைத்திருந்தேன். உடம்பு சரியில்லாத மீனை அசைக்கக் கூடாது, ஒரு மாதமாவது ஆகட்டும், கடைக்கார அக்காவும் அப்படித்தான் சொன்னார். அக்கா அப்படிச் சொல்லவில்லை, ஆனால் இவள் போய்க் கேட்கப் போவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் என்ன சொன்னாலும் நம்புவாள், ஏனென்றால் இவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை மண்சட்டியிலிருந்து தலையை நீட்டி, மேலே போய் ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டு இறங்கியது. நேற்றைக்கு ஐந்து உருண்டை தின்ற மீன். சோதனைக் குழாயிலும் மஞ்சள்.

"தாங்குவான்" என்றேன்.

"நிச்சயமா?"

"கவர்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, மீதி காத்து. இருட்டா வச்சா அலட்டிக்க மாட்டான். இன்னைக்குத் தீனி போடல, அதுவும் நல்லதுதான்."

"கவர்ல ஓட்டை போடணுமா?"

"போட்டா பஸ் முழுக்க தண்ணி. அந்தக் காத்தே போதும்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு கையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே, "அங்க ஒரு தொட்டி வாங்கி வச்சிருக்கேன். நாலு வாரமா ஓடுது" என்றாள்.

"நாலு வாரமாவா?"

"எதுக்கும் இருக்கட்டும்னு."

ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, பிழியாமல், கத்தியால் இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியை டப்பாவில் போட்டு, தொட்டித் தண்ணீர் ஊற்றி மூடிக் கொடுத்தேன்.

"இதுவுமா? நாறுது."

"உன் ஃபில்டருக்குப் பக்கத்துல வை. கழுவிடாதே."

"நீ சொல்றியா இதை?" என்றாள். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எங்கும் போகவில்லை.

மாப்பிள்ளையைப் பிடிக்க வலை தேவைப்படவில்லை. கோப்பையைச் சாய்த்துப் பிடித்தேன், தானாக உள்ளே வந்தது. கோப்பையைக் கவரில் கவிழ்த்து, காற்றை நிரப்பி, ரப்பர் பேண்டை நான்கு சுற்று சுற்றினேன். துண்டில் சுருட்டி அவள் பைக்குள் செங்குத்தாக வைத்தேன்.

பஸ் நிலையம் வரை போனேன். அவள் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து பையை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டாள். "கிளம்பு, வெயில்ல நிக்காதே" என்றாள். பஸ் கிளம்பும்வரை நின்றேன்.

சாயங்காலம் ஏழரைக்குச் செய்தி வந்தது. "வந்துட்டோம். உயிரோட இருக்கான்."

கவரைப் பிரிக்காமல் அரைமணி மிதக்க விடு, விளக்கைப் போடாதே, நாளைக்குத்தான் தீனி, முதலில் ஒரே ஒரு உருண்டை என்று நீளமாக எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று காட்டியது. அவள் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகவும் காட்டியது. நிறைய எழுதுகிறாள் போல என்று நினைத்தேன்.

"சரி" என்று வந்தது. பிறகு மறுபடியும் எழுதுவதாகக் காட்டியது. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.